ஜொகூர் நீர்நிலைகளும் ஊட்டச்சத்து மாசு வரம்புகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்தில் ஜொகூர் ஆற்று நீரில் அம்மோனியாவின் அளவு மிகுந்தமையால், அவ்வாற்றிலிருந்து நீரெடுக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் தம் பணியை நிறுத்த நேர்ந்தது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி கேலன் நீரெடுக்கும் உரிமை சிங்கப்பூருக்கு உண்டு. அந்நாட்டுப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நிலையமும் நிறுத்தப்பட்டவற்றுள் ஒன்றாகும். நாளிதழ்கள் இதனை ஒரு விபத்தாகவே எழுதின. இரண்டு எண்களை அருகருகே வைத்து நோக்குவார்க்கு இது விபத்தாகத் தோன்றாது.

குடிநீருக்காக எடுக்கப்படும் ஆற்றுநீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது மலேசியச் சுகாதார அமைச்சின் தர அளவு. செம்பனை எண்ணெய் ஆலையொன்று ஆற்றில் விடும் கழிவுநீருக்கு 1982ஆம் ஆண்டு விதித்திருத்தம் அனுமதித்த உச்ச அளவு 150 மில்லிகிராம். இரண்டும் ஒரே நாட்டின் எண்கள். ஒன்று மற்றொன்றின் நூறு மடங்கு. 2019ஆம் ஆண்டு நிகழ்வுக்கு எவ்விடத்துக் கழிவு காரணம் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. இந்த நூறு மடங்கு இடைவெளி எவ்வாறு சட்டத்திற்குள் வந்தது, அதனுள் எவருடைய நீர் கணக்கில் கொள்ளப்பட்டது, எவருடையது விடுபட்டது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

ஊட்டச்சத்து மாசு என்பது நைட்ரஜனும் பாஸ்பரசும் அளவிறந்து நீரில் சேர்வதைக் குறிக்கும். இவ்விரண்டும் நஞ்சாகப் பிறந்தவை அல்ல. பயிருக்கு இடும் உரங்களே. உரம் என்னும் தமிழ்ச்சொல் வலிமையையும் குறிப்பது நாம் அறிந்ததே. வயலுக்கு வலிமை தருவது ஏரிக்குச் சென்றால் பாசியைப் பெருக்கும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்து மீன்கள் மாளும். இந்நிலையை மிகையூட்டம் எனலாம். பாதரசத்தையோ ஈயத்தையோ தடைசெய்வது போல் உரத்தைத் தடைசெய்ய இயலாது. 'எவ்வளவு' என்று மட்டுமே கேட்க இயலும். ஆதலால் ஊட்டச்சத்து மாசின் சட்ட வரலாறு முழுவதும் எண்களின் வரலாறாகவே அமைந்துள்ளது.

ஆற்றுப் பத்திரங்களின் காலம்

ஜொகூரின் நவீன ஆட்சி ஆறுகளின் வழியே தொடங்கியது. தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் 1844ஆம் ஆண்டிலிருந்து சீனக் குடியேறிகளுக்கு வழங்கிய 'சூராட் சூங்கை' என்னும் ஆற்றுப் பத்திரங்களே அதற்குச் சான்று. ஓர் ஆற்றையும் அதன் கரை நிலத்தையும் பெற்றவர் கங்சு எனப்பட்டார். அவரது படகுத்துறைக் குடியிருப்பு கங்கார். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் முதலிய ஊர்ப்பெயர்கள் இன்றும் அம்முறையை நினைவூட்டுகின்றன.

கங்கார்களில் காம்பியரும் மிளகும் இணைந்தே பயிரிடப்பட்டன. காம்பியர் இலைகளைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்தபின் எஞ்சிய சக்கை மிளகுக் கொடிகளுக்கு உரமாயிற்று. ஓர் ஆலையின் கழிவு ஆற்றுக்குப் போகாமல் அடுத்த பயிருக்குப் போன ஏற்பாடு இது. இதனைப் பொற்காலமாக எண்ணிவிடவும் வேண்டா. கொதிகலன்களுக்கு விறகாகக் காடுகள் எரிந்தன. மண் களைத்ததும் தோட்டக்காரர் அடுத்த ஆற்றுக்குப் பெயர்ந்தனர். எனினும் கங்சுவின் பத்திரம் ஆற்றின் மீது உரிமையையும் வரியையும் பேசியதேயன்றி, ஆற்றுநீர் எந்நிலையில் இருத்தல் வேண்டும் என்பதைப் பேசவில்லை. 1917இல் கங்சு முறை ஒழிக்கப்பட்டபோது இந்த மௌனம் மட்டும் ஒழியவில்லை. இரப்பர்த் தோட்டங்கள் அதனை அப்படியே மரபுரிமையாகப் பெற்றன.

தோட்டமும் அம்மோனியாவும்

தமிழர் ஜொகூரின் நீர் வரலாற்றில் பெருமளவில் நுழைவது இங்கேதான். பால்மரம் வெட்டியவர்க்கு அம்மோனியா அந்நியப் பொருளன்று. வாளியிலுள்ள பால் ஆலை சேருமுன் உறைந்துவிடாதிருக்க இடப்பட்டது அது. திரவப் பாலாகவே ஏற்றுமதி செய்யும் ஆலைகளில் அதன் பயன்பாடு இன்னும் மிகுதி. இரப்பர்ப் பட்டறையைக் கழுவிய நீர் அமிலத்தையும் அம்மோனியாவையும் சுமந்துகொண்டு ஓடைக்குச் சென்றது. அவ்வோடையின் கீழ்ப்புறத்தில் பெரும்பாலும் தொழிலாளர் லயங்கள் இருந்தன. தோட்டத் துரையின் பங்களா மேட்டில் இருந்தது. தோட்டப்புற இலக்கியத்தைக் கற்பிப்போர் இந்த மேடு பள்ள அமைப்பைச் சாதி, வர்க்கம் ஆகியவற்றின் குறியீடாக விளக்குவதுண்டு. அது முதலில் ஒரு வடிகால் அமைப்பு என்பதையும் மாணவர்க்குச் சொல்லுதல் நன்று.

இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தபோது சிக்கலின் அளவே மாறிற்று. ஃபெல்டாவின் முதல் செம்பனைத் திட்டம் 1961இல் கூலாய்க்கு அருகில் தாயிப் அண்டாக்கில் தொடங்கியது. ஒரு டன் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவுநீர் உண்டாகும். கழிவுநீரிலுள்ள அழுகுபொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு உயிர்வளியை உண்ணும் என்பதே பி.ஓ.டி. எனப்படும் அளவு. சுத்திகரிக்கப்படாத செம்பனைக் கழிவுநீரில் அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். இது வீட்டுச் சாக்கடை நீரைப் போல் நூறு மடங்கு. மொத்த நைட்ரஜன் 750 மில்லிகிராம் அளவில் இருப்பினும், அதில் அம்மோனியா வடிவில் உள்ளது 35 மட்டுமே. பின்வரும் பகுதிக்கு இந்தக் கடைசி எண் இன்றியமையாதது.

1977ஆம் ஆண்டு விதிகள்

1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் முதன்முதலாக வகுக்கப்பட்ட தொழில்சார் விதிகள் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கே. வளரும் நாடொன்று தன் முதன்மை ஏற்றுமதித் தொழிலின் மீது கைவைத்த துணிவு போற்றத்தக்கது. கட்டுரையாளர் அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில், சூழலியல் பொருளாதார வகுப்புகளில் மலேசியாவின் பெயர் மதிப்புடன் சொல்லப்பட்டது இவ்விதிகளின் பொருட்டேயாம்.

விதிகளின் அமைப்பு எளிது. பி.ஓ.டி. வரம்பு 1978 ஜூலையில் 5,000 மில்லிகிராம். அடுத்தடுத்த ஆண்டுகளில் 2,000, 1,000, 500 எனக் குறைந்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 250 ஆக்கி, 1984 ஜனவரி முதல் 100 என நிறுத்தியது. ஆறே ஆண்டுகளில் ஐம்பதில் ஒரு பங்கு. இதனுடன் ஆற்றில் விடும் பி.ஓ.டி. சுமைக்கு டன்னுக்கு 10 ரிங்கிட் கட்டணமும், வரம்பை மீறிய சுமைக்கு டன்னுக்கு 100 ரிங்கிட் மிகைக் கட்டணமும் விதிக்கப்பட்டன. முதலாண்டில் ஆலைகள் கட்டணத்தைச் செலுத்திக்கொண்டு வரம்பை மீறலாம். இரண்டாம் ஆண்டு முதல் வரம்பு கட்டாயமாயிற்று. ஆலைகள் எண்ணிக்கையில் பெருகிய அதே ஆண்டுகளில் ஆறுகளில் சேர்ந்த அழுகுபொருள் பெரிதும் குறைந்தது. இவ்வெற்றியை எவரும் மறுக்கவியலாது.

அதே அட்டவணையில் சில வரிகள் கீழே உள்ள எண்களை அவ்வளவாக எவரும் படிப்பதில்லை. அம்மோனியா நைட்ரஜன் வரம்பு 1978இல் 25 மில்லிகிராம், பின்னர் 15, 1981 ஜூலையில் 10. மொத்த நைட்ரஜன் 200இல் தொடங்கி 100, 75, 50 எனக் குறைந்தது. அதுவரை பி.ஓ.டி.யின் வழியிலேயே நைட்ரஜனும் நடந்தது. 1982 ஜூலையில் அம்மோனியா நைட்ரஜன் 10இலிருந்து 150 ஆயிற்று. மொத்த நைட்ரஜன் 50இலிருந்து 300க்கு உயர்ந்து, 1984இல் 200இல் நின்றது. அதுவும் வடிகட்டிய மாதிரியில் அளக்கப்படும் மதிப்பு. வடிகட்டியில் தங்கும் திடப்பொருளிலுள்ள நைட்ரஜன் இக்கணக்கில் வாராது. பாஸ்பரசுக்கு அட்டவணையில் தொடக்கத்திலிருந்தே ஒரு வரிகூட இல்லை.

ஒரே திருத்தம் ஒரு கையால் பி.ஓ.டி.யை இறுக்கி, மறு கையால் நைட்ரஜனைத் தளர்த்தியது ஏன்? விடை ஆலைகள் தேர்ந்துகொண்ட தொழில்நுட்பத்தில் உள்ளது எனக் கருதலாம். நிலம் மலிவாகக் கிடைத்த தோட்டங்களில் கழிவுநீரை வரிசையான குட்டைகளில் தேக்கி, உயிர்வளியற்ற நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைப்பதே செலவு குறைந்த வழி. அந்நுண்ணுயிர்கள் கரிமப் பொருளை மீத்தேன் வளியாக மாற்றி வானுக்கு அனுப்பிவிடும், பி.ஓ.டி. குறையும். ஆனால் கரிமப் பொருளில் கட்டுண்டிருந்த நைட்ரஜன் வானுக்குப் போவதில்லை. அம்மோனியாவாக விடுபட்டு நீரிலேயே தங்கும். சுத்திகரிப்பதற்கு முன் 35 ஆக இருந்த அம்மோனியா, சுத்திகரித்த பின் பன்மடங்கு உயர்வது இதனாலேயே. 10 மில்லிகிராம் என்னும் வரம்பைக் குட்டைகளால் எட்டவியலாது. எட்டக்கூடிய தொழில்நுட்பம் இருந்தது. அதற்குச் செலவு மிகும். விதி தொழில்நுட்பத்தை இழுத்துச் செல்லவில்லை. தொழில்நுட்பம் விதியை இழுத்துச் சென்றது. கட்டணமும் பி.ஓ.டி.க்கு மட்டுமே விதிக்கப்பட்டதால், ஆற்றில் விட்ட நைட்ரஜனுக்கு ஆலை ஒரு காசும் செலுத்த வேண்டியிருக்கவில்லை. 1978ஆம் ஆண்டு இரப்பர் விதிகளிலும் இதே போக்கைக் காணலாம்: அம்மோனியா மிகுதியாகப் பயன்படும் திரவப்பால் ஆலைகளுக்கு மற்ற இரப்பர் ஆலைகளினும் நெகிழ்வான தனி அளவு வகுக்கப்பட்டது.

இக்கட்டுரையாளர் சிறுவயதில் வாழ்ந்த தோட்டத்தின் ஆலைக்குப் பின்னாலும் அத்தகைய குட்டைகள் இருந்தன. கரிய நீரில் குமிழிகள் எழுந்தவண்ணம் இருக்கும். அப்பக்கம் போகக் கூடாது என்பது வீட்டாரின் கட்டளை. கடைசிக் குட்டையிலிருந்து வெளியேறிய நீர் மட்டும் தெளிந்த பழுப்பாகத் தெரியும். அது கலந்த ஓடையில் சில மாதங்கள் அடர்ந்த பச்சைப் படலம் மூடியிருக்கும். அதனைச் செழிப்பு என்றே எண்ணியிருந்தோம். பிற்காலத்தில் அட்டவணையைக் கண்டபோதுதான், அந்த நீர் சட்டப்படி முற்றிலும் தூய நீராகவே இருந்திருக்கக்கூடும் என்பது புலனாயிற்று.

விடுபட்ட பாஸ்பரசு

சாக்கடை, தொழிற்கழிவு ஆகியவற்றுக்கான 1979ஆம் ஆண்டு விதிகளில் பாதரசம், காட்மியம் முதலிய உலோகங்களெல்லாம் இடம்பெற்றன. நைட்ரஜனும் பாஸ்பரசும் இடம்பெறவில்லை. அக்காலத்தில் உலகம் இதனை அறியாதிருந்தது என்று கூறவியலாது. ஏரி ஏரியின் பாசிப் பெருக்கம் கண்டு கனடாவும் அமெரிக்காவும் 1972இலேயே உடன்படிக்கை செய்து, பெரிய சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பாஸ்பரசு வரம்பாக 1 மில்லிகிராமைக் குறித்தன. 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், 226 என எண்ணிட்ட ஏரியை டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இரு பாதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரசும் சேர்த்தனர். பாஸ்பரசு பெற்ற பாதி பச்சையாயிற்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 1991இல் எளிதில் பாதிப்புறும் நீர்நிலைகளுக்கு, நகரின் மக்கள்தொகைக்கேற்ப 1 அல்லது 2 மில்லிகிராம் என வகுத்தன.

மலேசியச் சட்டத்தில் பாஸ்பரசு நுழைவதற்கு 2009ஆம் ஆண்டுச் சாக்கடை விதிகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. புதிய நிலையங்களுக்கு அவ்விதிகள் தேக்கநீர், ஆறு என இரு நிரல்களை வகுக்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேற்புறமாயின் ஏ தரம், மற்ற இடங்களில் பி தரம். ஆற்றில் விடும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் ஏ தரத்தில் 10, பி தரத்தில் 20. தேக்கநீராயின் இரண்டிலும் 5. பாஸ்பரசு தேக்கநீருக்கு மட்டுமே: ஏ தரத்தில் 5, பி தரத்தில் 10. ஆற்றுக்குப் பாஸ்பரசு வரம்பு இல்லை. கழிமுகத்துக்கெனத் தனி நிரலே இல்லை. பழைய நிலையங்களுக்கு இவற்றினும் நெகிழ்வான அளவுகள். அதே ஆண்டில் வந்த தொழிற்கழிவு விதிகள் அம்மோனியாவைச் சேர்த்துக்கொண்டன, பாஸ்பரசைச் சேர்க்கவில்லை.

அளக்கும் முறையும் இதற்குத் துணைபோயிற்று. நம் ஆறுகளைத் 'தூயது', 'சிறிது மாசுற்றது', 'மாசுற்றது' எனத் தரம்பிரிக்கும் நீர்த்தரக் குறியீடு ஆறு கூறுகளைக் கொண்டது: கரைந்த உயிர்வளி, பி.ஓ.டி., சி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், கார அமிலத்தன்மை, அம்மோனியா நைட்ரஜன். பாஸ்பரசும் நைட்ரேட்டும் அதில் இல்லை. ஆகவே பாசி பிடிக்கத் தேவையான அனைத்தும் நிறைந்த ஆறு, குறியீட்டில் 'தூயது' என்னும் பெயரைப் பெற இயலும். அளக்காத பொருளுக்கு வரம்பு கேட்பார் இலர்.

விளைவு தேக்கங்களில் தென்பட்டது. தேசிய நீரியல் ஆய்வுக் கழகமான நாரிம் 2005இல் நாட்டின் 90 ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் ஆராய்ந்தபோது 62 விழுக்காடு மிகையூட்ட நிலையில் இருந்தன. ஜொகூரில் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு செம்புரோங் நீர்த்தேக்கம். 1980களில் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்ட அது, பின்னர் குடிநீருக்கும் பயன்பட்டது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அதன் நீலப்பச்சைப் பாசி பல ஆய்வுகளுக்குப் பொருளாகியுள்ளது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்புரோங்கைச் சூழ்ந்த தோட்டங்களில் இடப்படும் உரம் மழையில் கரைந்து தேக்கத்துக்கு வருகையில் அதற்குக் குழாயுமில்லை, வாய்க்காலுமில்லை. நம் விதிகளெல்லாம் குழாயின் வாயில் நிற்கும் காவலர்கள். நிலம் முழுவதும் கசிவதை அவர்கள் காண்பதில்லை. 2015இல் நாரிம் வெளியிட்ட ஏரி நீர்த்தர அளவுகோல்கள் பாஸ்பரசையும் சேர்த்துக்கொண்டன. அவை வழிகாட்டிகள், மீறியவர்க்குத் தண்டம் இல்லை.

நீரிணையின் நிலை

ஆறுகள் கொண்டுசெல்வது முடியும் இடம் ஜொகூர் நீரிணை. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட தாம்போதி அதனை இரண்டாகப் பிரித்தது. அதுவரை ஒரு புறம் நுழைந்து மறுபுறம் வெளியேறிய நீரோட்டம் தடைப்பட்டு, இரு பாதிகளும் குருட்டுச் சந்துகள் போலாயின. ஸ்கூடாய், தெப்ராவ், செகாட் ஆறுகள் ஒரு பெருநகரின் கழிவோடு அங்கே சேர்கின்றன. செகாட் ஆற்றை நகரத்தார் ஒரு காலத்தில் கான்கிரீட்டால் மூடியும் பார்த்தனர். பின்னர் அதைத் திறந்தனர். நீரிணை இயல்பால் தேக்கநீர். சட்டத்தின் கண்ணிலோ கடல். 2014 பிப்ரவரியில் மேற்கு நீரிணையில் கார்லோடினியம் ஆஸ்திராலே என்னும் நுண்பாசி பெருகி, கூண்டுகளில் வளர்த்த மீன்கள் பெருமளவில் மாண்டன. அருகிலுள்ள பூலாய் ஆற்றுக் கழிமுகம் 2003 முதல் ராம்சார் ஈரநிலம். பன்னாட்டுப் பட்டியலில் இடம்பெற்றிருப்பது பாஸ்பரசைத் தடுத்துவிடவில்லை.

கழிமுகங்களுக்குப் பாஸ்பேட் லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் என்னும் அளவைச் சுற்றுச்சூழல் துறை தன் கடல்நீர்த்தர அளவுகோலில் குறித்துள்ளது. அளவுகோல் நன்று. ஆனால் அக்கழிமுகத்தில் வந்து சேரும் ஆற்றில் பாஸ்பரசு விடுவதற்கு வரம்பில்லை என்பதை மேலே கண்டோம். எதிர்க்கரையில் சிங்கப்பூரின் தொழிற்கழிவு விதிகள் பாஸ்பேட்டுக்கு எண்ணிட்ட வரம்பு வைத்துள்ளன. ஒரே நீரின் இரு கரைகளில் இரு சட்டங்கள். இடையில் ஓராங் செலேத்தார் மக்கள் சிப்பியும் மீனும் எடுத்து வாழ்ந்து வருகின்றனர். 1977ஆம் ஆண்டின் அட்டவணையிலோ 2009ஆம் ஆண்டின் அட்டவணையிலோ அவர்களது நீருக்கென ஒரு நிரல் இல்லை.

கரைதலை நம்பிய சட்டம்

150க்கும் 1.5க்கும் இடையிலான நூறு மடங்குக்கு இப்போது மீளலாம். ஆலையிலிருந்து வரும் ஒரு பங்கு நீரோடு அம்மோனியாவே இல்லாத 99 பங்கு ஆற்றுநீர் கலந்தால் 150 என்பது 1.5 ஆகும். சட்டம் ஆற்றை நம்பியது இந்தக் கணக்கில்தான். ஓர் ஆற்றங்கரையில் ஓர் ஆலை இருந்தால் கணக்கு சரி. பல ஆலைகளும் கோழிப் பண்ணைகளும் சாக்கடை நிலையங்களும் ஒரே ஆற்றை நம்பினால் அது பொய்க்கும். மழையற்ற காலத்தில் இன்னும் விரைவாகப் பொய்க்கும். 1990ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூர் கட்டிய லிங்கியு நீர்த்தேக்கம், ஜொகூர் ஆற்றுக்கு நீர்விட்டுக் கடலின் உப்பைத் தள்ளி வைப்பது. 2016 அக்டோபரில் அதன் நீர் கொள்ளளவில் 20 விழுக்காடாகக் குறைந்தது. அத்தகைய பருவத்தில் ஆற்றிடம் 99 பங்கு தூய நீர் எதிர்பார்ப்பது வீண். 1.5ஐத் தாண்டியதும் நிலையத்தை நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. அம்மோனியா, கிருமிநீக்கத்துக்கு இடும் குளோரினைத் தன் எடையைப் போல் எட்டுப் பத்து மடங்கு விழுங்கிவிடும்.

தண்டத்தைக் கூட்டுவதே தீர்வு என்னும் கருத்து நம்மிடையே வலுவாக உள்ளது. 1974இல் 10,000 ரிங்கிட்டாக இருந்த உச்சத் தண்டம் 1996இல் 100,000 ஆகி, 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒரு கோடி ரிங்கிட் வரை சென்றுள்ளது. இதனை வரவேற்கலாம். ஆயினும் வரம்புக்குள் நின்று 149 மில்லிகிராம் விடும் ஆலையை எந்தத் தண்டமும் தீண்டாது. கட்டுரையாளரின் கருத்தில், குழாய்தோறும் செறிவை அளப்பதை விட்டு, ஆற்றுப் படுகை ஒன்று நாளொன்றுக்குத் தாங்கக்கூடிய நைட்ரஜன், பாஸ்பரசுச் சுமையை முதலில் வரையறுத்து, அதனை ஆலை, நகர், பண்ணை, தோட்டம் ஆகியவற்றுக்குப் பங்கிடுவதே தக்கது. இதற்குத் தடை அறிவியலன்று. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் ஆறும் மாநிலத்தின் பொறுப்பு. கழிவுநீர் விதியோ கூட்டரசின் சட்டம். உரமிடும் நிலத்தை ஒருவரும், கழிவு விடும் குழாயை மற்றொருவரும் ஆளும்போது மொத்தச் சுமையைக் கூட்டிப் பார்ப்பவர் ஒருவருமிலர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அங்கிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்று ஸ்கூடாய், மாசாய், கூலாய் ஆகிய ஊர்களின் அடுக்ககங்களில் வாழ்கின்றன. ஆலைக்குக் கீழ்ப்புறத்து ஓடையில் நீர் மொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது குழாயைத் திறக்கின்றனர். ஜொகூர் ஆற்றில் அம்மோனியா ஏறும் நாள்களில் சிலரது குழாய்களில் நீர் வருவதில்லை. நீர் வண்டிக்காக வாளிகளுடன் கீழ்த்தளத்தில் வரிசையில் நிற்கின்றனர்.